பின்பக்கத்து இரண்டு பெட்டிகள்

எங்கள் ஊர்ப் பக்கம் ஐந்து பெட்டி ஹோம் தியேட்டர் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை வைத்திருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்தையும் டிவிக்கு மேலே ஷோகேஸில் கொலு பொம்மை மாதிரி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டிய இரண்டும் முன்னால்தான் நிற்கும். கேட்டால், "ஒயரு தரையில கெடந்தா பிள்ளைக தட்டி விழுந்துரும்லா" என்பார்கள். "அப்பொறம் என்ன எழவுக்கு அஞ்சு பெட்டி? ஒண்ணு போதாதா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதில் என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல ஒன்றும் கிடையாது.

பதினோரு வருஷம் சவூதியில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தேன். முதலாளி வீட்டுக் கூடத்தில் ஆளுயரப் பெட்டிகள் நின்றன. ஒருநாள் அவற்றை இடம் மாற்றுவதற்காக என்னை உள்ளே கூப்பிட்டார்கள். தூக்கி வைத்துவிட்டு வெளியே வரும்போது யாரோ போட்டுப் பார்த்தார்கள். மழைச் சத்தம். அந்த வறட்டு ஊரில், நாலு சுவருக்குள், என் தலைக்கு மேலே, பிடரியில், காதோரத்தில் எல்லாம் மழை பெய்கிறது. அப்படியே நின்றுவிட்டேன். குற்றாலச் சாரலில் நனைந்து வளர்ந்தவன் ஒரு பெட்டிக்குள் பெய்த மழைக்கு அழுதேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊருக்குப் போனதும் இதைத்தான் முதலில் வாங்குவது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

வாங்குவதற்கு முன்னால் அதன் பூர்வீகத்தையெல்லாம் யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆதியில் அமெரிக்காவில் ஒரு கார்ட்டூன் படத்துக்காக, சங்கீதம் கொட்டகையைச் சுற்றி நகர வேண்டும் என்று ஆசைப்பட்டு, திரைக்குப் பின்னாலும் சுற்றுச் சுவரிலும் ஒலிபெருக்கிகளை வைத்தார்களாம். அத்தனை சாமானையும் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் மாட்டிக் கட்டுப்படியாகவில்லை. உலகப்போரும் வந்துவிட்டது. அத்தோடு நின்றுபோனது. பிறகு நாலு பெட்டியில் கேட்கிற இசைத்தட்டு வந்திருக்கிறது. ஒரு கம்பெனித் தட்டு இன்னொரு கம்பெனி மிஷினில் ஒழுங்காகக் கேட்காது என்பதால் ஜனங்கள் சீ என்று விட்டுவிட்டார்கள். அதற்கும் பிறகு, வீடியோ கேசட்டில் இருக்கும் இரண்டு ஒலித்தடத்துக்குள்ளேயே பின்பக்கத்துச் சத்தத்தை ஒளித்து வைத்து, வீட்டில் ஒரு மிஷின் அதைப் பிரித்தெடுக்கிற வித்தையைக் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்குள் அது நுழைந்தது அப்படித்தான். அடுத்து டிவிடி காலத்தில் ஐந்து பெட்டி, தம் தம் என்று அடிக்க ஆறாவதாக ஒரு பெரிய பெட்டி. இத்தனை பேர் இத்தனை காலம் மண்டையை உடைத்துக்கொண்டது, உட்கார்ந்திருக்கிறவன் தன் முதுகுக்குப் பின்னால் நிஜமாகவே யாரோ இருப்பதாக நம்ப வேண்டும் என்பதற்காக. வேறு ஒரு காரியமும் அதற்குக் கிடையாது.

ஊருக்கு வந்து ஒரு கார் எடுத்தேன். தென்காசி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைக் குற்றாலத்துக்கும், ஐந்தருவிக்கும், செங்கோட்டை தாண்டிக் கேரளாப் பக்கமும் கூட்டிப் போகிற பிழைப்பு. மேலகரத்தில் வீடு. மகளைக் கட்டிக் கொடுக்கிறவரை பெட்டி வாங்கக் காசு ஒதுங்கவில்லை; இப்போது வீட்டில் நானும் மனைவியும்தான். தென்காசியில் அசெம்பிள் செய்து கொடுக்கிறவரிடம் சொல்லி, மரப்பெட்டியாகவே ஒரு செட் போட்டு வாங்கினேன்.

எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே அமைப்பு. வாசல் கதவைத் திறந்தால் நேரே ஹால். எதிர்ச் சுவரில் டிவி. நடுவில் சோபா. சோபாவில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் இருப்பது வாசல்தான். அதனால் பின்பக்கத்துப் பெட்டிகள் இரண்டையும் வாசல் நிலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று காது உயரத்தில் மாட்டினேன். ஒயரை வெளியே தெரியாமல் சுவரோரமாகக் கொண்டுபோனேன். "வாசலுக்கு ரெண்டு காவக்காரன வச்சிட்டிய. இனும கதவப் பூட்டாமலே கடைக்குப் போயிட்டு வரலாம்" என்று மனைவி கேலி செய்தாள்.

வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்து உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். படத்தில் பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தால் ஆள் திரும்பிப் பார்க்கும். எனக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டு அண்ணாச்சி போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒருமுறை நெஞ்சுவலி வந்து பிழைத்து மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தார். மகன் பட்டாளத்தில், வடக்கே. அண்ணாச்சியும் அவர் மனைவியும் மட்டும்தான் வீட்டில். அந்த அம்மாளை நான் மைனி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவேன். நான் சவூதியில் கிடந்த பதினோரு வருஷமும் என் வீட்டுக்கு ஆள் என்றால் அவர்கள் இருவரும்தான். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூடவே இருந்தவர் மைனி. நான் பிள்ளையை போட்டோவில்தான் பார்த்தேன்.

செட் வந்த பதினைந்தாம் நாள் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தம்பி, கொஞ்சம் சத்தத்தக் கொறைச்சுக்கிடும். அந்தப் பெரிய பெட்டி அடிக்கும்போது எனக்கு நெஞ்சுக்குள்ள அடிக்க மாதிரி இருக்கு. செல்ஃபுல பாத்திரமெல்லாம் ஆடுது."

சரி என்று குறைத்தேன். நாலு நாள் குறைவாக வைத்துக் கேட்டேன். கோவிலில் உண்டக்கட்டி வாங்கித் தின்கிற மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் பழையபடி ஏற்றினேன். மைனி வந்தார். கதவைத் தட்டிக் கெஞ்சுகிற மாதிரித்தான் கேட்டார். எனக்கு எங்கிருந்து அந்தக் கொழுப்பு வந்ததோ, "காதுல பஞ்ச வச்சிக்கிடச் சொல்லுங்க மைனி. என் வீட்டுக்குள்ள என் காசுல வாங்கினத நான் கேக்கக் கூடாதா?" என்றேன். மைனி அப்படியே திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு அண்ணாச்சி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மைனி மட்டும் இன்னொரு முறை வந்து தட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. மனைவி போய் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினாள். அன்று பூராவும் அவள் என்னோடு பேசவில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. ஆடி மாதம். மலையில் விடாமல் கொட்டி, பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் ஆர்ப்பரித்து விழுந்து, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். நாலு சவாரி பேசியிருந்தேன். நாலு பேரும் போன் பண்ணி வேண்டாம் என்றார்கள். கார் வாசலில் நனைந்துகொண்டு நின்றது. எனக்கு யாரையாவது கடித்துக் குதற வேண்டும் போல இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சாரல் உள்ளே அடிக்கிறது என்று கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினோம். போனை உள் அறையில் சார்ஜில் போட்டேன். ஒரு பேய்ப் படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

படத்திலும் மழை. ஒரு பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். டொக், டொக், டொக். சத்தம் சரியாக என் பிடரிக்குப் பின்னால், நிலைப் பக்கமிருந்து வந்தது. மனைவி சட்டென்று திரும்பினாள்.

"வாசல்ல யாரோ தட்டுத மாதிரி இருக்கே."

"படத்துலட்டி. சும்மா உக்காரு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இல்ல, நெசமாவே தட்டுதாவ" என்றாள்.

"ஒனக்கு இன்னும் பழகல. இதுக்குத்தான பெட்டி வாங்கினது?" என்றேன். படம் ஓடியது. இதுதான் நடந்தது என்று பிற்பாடு தெரு முழுக்கச் சொன்னேன்.

படம் முடிந்து கதவைத் திறந்தபோது மழை விட்டிருந்தது. எங்கள் படியில் ஒரு பெண்பிள்ளைச் செருப்பு ஒற்றையாகக் கவிழ்ந்து கிடந்தது. அடுத்த வீட்டு வாசல் திறந்தபடி கிடக்கிறது, ஆளைக் காணோம். எதிர்வீட்டு அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இப்பம்தான் தொறக்கியளா?" என்றாள். "ஏட்டய்யாவுக்கு நெஞ்சு வலி வந்து, அந்தம்மா ஒங்க கதவ அந்தத் தட்டு தட்டினாவள. காரு நிக்குது, ஆளு இருக்காவ, ஏன் தொறக்கலன்னு நாங்களே பதறிட்டோம். கடைசில தெரு முக்குல போயி ஆட்டோவக் கூட்டிட்டு வந்து தூக்கிப் போட்டுட்டுப் போனாவ."

உள்ளே ஓடிப் போய்ப் போனை எடுத்தேன். மைனியின் நம்பரிலிருந்து ஏழு அழைப்பு. காரை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் பறந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரர் பீடியைப் பற்ற வைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் முக்கு ஸ்டாண்டில் ஓட்டுகிறவர்தான். "வழியிலயே முடிஞ்சு போச்சுண்ணே" என்றார். உள்ளே மைனி ஒற்றைச் செருப்போடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மகன் வந்து சேர்ந்தான். சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பி, குளித்த ஈரத்தோடு நேரே என் வாசலுக்கு வந்தான். நான் தூக்கி வளர்த்த பையன் இல்லை, ஆனாலும் மாமா மாமா என்று கூப்பிட்டவன். அன்றைக்கு அந்தச் சொல் அவன் வாயில் வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். எங்கம்மா தட்டினது ஒங்க காதுல விழுந்துதா, விழலையா?"

"சத்தியமா விழலப்பா. படத்துலயும் ஒருத்தி கதவத் தட்டுதா. அதுன்னு நெனச்சிட்டேன்."

"காரு குடுக்க மனசில்லன்னு ஊரே சொல்லுது" என்றான். "நான் திரும்பிப் போறதுக்குள்ள எங்கம்மாவுக்கு உண்மை தெரியணும். அவ அதே யோசனையா இருக்கா. வேணும்னே தொறக்காம இருந்தாவளா, கேக்கலையான்னு அத மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேக்கா. அழக்கூட மாட்டேங்கா."

தெருவில் பேசாத பேச்சில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொன்னதுக்கு வஞ்சம் தீர்த்துவிட்டான் என்றார்கள். ஸ்டாண்டில் நான் போய் நின்றால் பேச்சு நின்றது. மகளிடமிருந்து போன் வந்தது. "என்னப்பா இப்படிச் சொல்லுதாவ?" என்று அழுதாள். கேட்கவில்லை என்பதை எப்படியாவது இவர்களுக்கு ரூபித்துக் காட்ட வேண்டும், மைனி காதுக்கு அது போக வேண்டும். அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

அதற்காக நான் செய்த காரியத்தை வேறு எந்த ஊரிலும் எந்த மடையனும் செய்திருக்க மாட்டான். இங்கே தெருவில் ஒரு சாவு விழுந்தால் பதினாறு கழியும்வரை பக்கத்து வீடுகளில் டிவியைச் சத்தமாக வைக்க மாட்டார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் ஏழாம் நாள் சாயங்காலம் ஆட்டோக்காரரையும் இன்னும் மூன்று பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, கதவைச் சாத்தி, சோபாவில் உட்கார வைத்து, அந்தப் பேய்ப் படத்தைப் போட்டேன். மனைவி, "வேண்டாம், கேவலமா இருக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் கேட்கவில்லை. அன்றைக்கு இருந்த அதே சத்தத்தில்தானே போட்டுக் காட்ட வேண்டும்? அப்படியே வைத்தேன்.

டொக், டொக், டொக். நாலு பேரும் ஒன்றாகத் திரும்பி வாசலைப் பார்த்தார்கள்.

"பாத்தியளா? பாத்தியளா?" என்று கத்தினேன். "இப்பம் சொல்லுங்க. நான் என்ன செய்ய முடியும்?"

மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். ஒருவர், "ஆமா, நெசந்தான், அப்படியேதான் கேக்கு" என்றார். ஆட்டோக்காரர் மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதிய. படத்துல மூணு தட்டுதான் இருக்கு. அந்தம்மா அஞ்சு நிமிசம்லா தட்டினாவளாம்."

"நீ என்னலே பெரிய ஜட்ஜா? வெளிய போலே" என்றேன். அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். மற்ற மூவரும் பின்னாலேயே போனார்கள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். அடுக்களையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். புறவாசலில் நிழல் தட்டியது. மைனி. புருஷனைப் பறிகொடுத்தவள் பதினாறு கழியாமல் அடுத்த வீட்டு வாசல்படி ஏறக்கூடாது என்பதால் பின்பக்கமாக, கிணற்றடி வழியாக வந்திருந்தார். உள்ளே வராமல் வெளியிலேயே நின்றார். வெறும் நெற்றி. நான் எழுந்து நின்றேன். திட்டப் போகிறார், மண்ணை வாரித் தூற்றப் போகிறார் என்று நினைத்தேன். அதுதான் நியாயமும்கூட.

"தம்பி" என்றார். "நேத்து சாயங்காலம் நான் சொவத்தோரமா படுத்துக் கெடந்தேன். யாரோ கதவத் தட்டுதாவ. நாலஞ்சு பேரு வந்து போற வீடுல்லா, யாராவது சாவுக்குத் துட்டி கேக்க வந்திருப்பாவன்னு எந்திரிச்சுப் போயித் தொறந்தேன். ஆளில்ல. தெருவுல ஒரு குஞ்சு இல்ல. அப்பொறம் ஒங்க வீட்டுல பேசுத சத்தம் கேட்டுது. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, அது ஒங்க படம்னு."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நானே ஏமாந்துட்டேன் தம்பி. சொவத்துக்கு இந்தப் பக்கம் இருந்த நானே எந்திரிச்சு வந்துட்டேன். அப்ப உள்ள இருந்த ஒங்களுக்கு எப்படித் தெரியும்? வேணும்னு செஞ்சுட்டாவ, வேணும்னு செஞ்சுட்டாவன்னு ஏழு நாளா எரிஞ்சுக்கிட்டுக் கெடந்தேன். எம்பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன், மாமாவ ஒண்ணும் சொல்லாதேன்னு. தெருவுல எவளாவது பேசினா இனும நான் கேக்கேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். படத்தில் அந்த மூன்று தட்டும் முடிந்து, அந்தப் பெண் கதவைத் திறந்து, பேய் உள்ளே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. நடுவில் ஒரு குரல் "தம்பீ" என்றது. எந்தப் பேய் என்னைத் தம்பி என்று கூப்பிடும்? மைனிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மறுபடியும் வந்துவிட்டார்கள், அதுவும் நாலு சவாரி போன வயிற்றெரிச்சலில் நான் கிடக்கிற நாளில், என்று நினைத்தேன். மனைவி கதவைத் திறக்க எழுந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தேன். மற்றக் கையால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை ஏற்றினேன். தட்டுவது கேட்காமல் போகிறவரை ஏற்றினேன்.

மைனி என்னைத் தாண்டி, அடுப்பு முன்னால் நின்ற என் மனைவியைப் பார்த்தார்.

"ஏட்டி, நீயும் கூடத்தான இருந்த. நீ பொய் சொல்ல மாட்ட. கேக்கலதான?"

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் துடைத்தாள் என்று தெரியாது.

"கேக்கலக்கா" என்றாள். "படம்னுதான் நெனச்சோம்."

மைனி தலையை ஆட்டினார். அந்த ஏழு நாளும் அழாதவர் அங்கேயே, கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். என் மனைவி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். நான் அடுக்களையை விட்டு வெளியே காலெடுத்து வைக்கவில்லை. வெகுநேரம் கழித்து மைனி எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, வந்த வழியே போனார்.

மனைவி திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஒங்களுக்காவச் சொல்லல. அந்த அக்கா இனுமயாவது ஒறங்கணும்லா, அதுக்குச் சொன்னேன்."